டிரை கிளீனிங் கடை இருந்த இடத்தை வாங்கலாமா?

கேள்வி:

ராலே நகரத்துக்கு வெளியே ஐந்து கடைகள் கொண்ட சிறிய வளாகம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நானும் என் மைத்துனரும் சேர்ந்து வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஓரத்தில் இருக்கும் கடையில் 1984 முதல் 2007 வரை டிரை கிளீனிங் நடந்திருக்கிறது. இப்போது காலியாக இருக்கிறது. என் மனைவி பிள்ளைகளுக்குப் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறார். அந்தக் கடையையே நாட்டிய வகுப்பாக மாற்றிக்கொள்ளலாம் என்பது எங்கள் ஆசை.

வங்கி கேட்டதால் ஃபேஸ் ஒன் என்னும் சுற்றுச்சூழல் அறிக்கை வாங்கினோம். பழைய டிரை கிளீனிங் கடையைக் குறிப்பிட்டு, மாசு இருக்க வாய்ப்புண்டு, துளையிட்டுப் பார்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். விற்பவரோ, "கடை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. அது ஆவியாகிற சரக்கு, எப்போதோ காற்றோடு போயிருக்கும். கீழே கனமான கான்கிரீட் தளம். குடிப்பது நகரக் குழாய்த் தண்ணீர். இதில் என்ன பயம்?" என்கிறார். அவர் சொல்வது சரியா? மாசு இருந்தால் எப்படிச் சுத்தம் செய்வார்கள், எவ்வளவு காலம் ஆகும், யார் பணம் கட்டுவது? வாங்கலாமா, விட்டுவிடலாமா?

வாசகர், கேரி, வட கரோலினா

பதில்:

துளையிட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மாநிலத்தில் இப்படிப்பட்ட இடத்தை வாங்கி, முறையாகச் சுத்தம் செய்து, நிம்மதியாக வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் தரைக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாமல் விலையும் பேச முடியாது, பிள்ளைகளை அங்கே ஆடவிடவும் முடியாது.

விற்பவர் சொன்ன மூன்று காரணங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

ஆவியாகிற சரக்கு என்கிறார். 1984இல் அமெரிக்கக் கடைகளில் பெரும்பாலானவை பயன்படுத்தியது டெட்ராகுளோரோஎத்திலீன். தொழிலில் இருப்பவர்கள் பெர்க் என்பார்கள். தீப்பிடிக்காது, எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடும், பட்டையும் கம்பளியையும் கெடுக்காது. அதனால்தான் அது அத்தனை கடைகளிலும் இடம் பிடித்தது. திறந்த இடத்தில் சிந்தினால் ஆவியாகும் என்பதும் உண்மை. ஆனால் அது தண்ணீரைவிட 1.6 மடங்கு கனம், தண்ணீரைவிட இளகலாகவும் ஓடும். தரையின் மேல் நின்றது ஆவியாகிவிடும். விரிசலிலோ மூட்டிலோ இறங்கியது கீழேதான் போகும். பெட்ரோல் கசிந்தால் நிலத்தடி நீரின்மேல் மிதக்கும், தேடிப் பிடிப்பது ஓரளவு எளிது. பெர்க் நீர்மட்டத்தையும் தாண்டி இறங்கும். அடர்ந்த களிமண்ணோ பாறையோ தடுக்கிற இடத்தில் தேங்கும், பாறையில் வெடிப்பு இருந்தால் அதற்குள்ளும் நுழையும். அங்கே ஆவியாகிப் போக வழியில்லை. பக்கத்தில் ஓடும் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தபடி பல பத்தாண்டுகள் கிடக்கும். கடை மூடிப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆனது இதற்கு ஒரு பொருட்டே இல்லை.

எவ்வளவு சிந்தியிருந்தால் கவலைப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். அமெரிக்கக் கூட்டரசின் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். வட கரோலினாவின் நிலத்தடி நீர் வரம்பு இன்னும் கடுமையானது, 0.7 மைக்ரோகிராம். ஒரு லிட்டர் பெர்க் 1.62 கிலோ எடை இருக்கும். அது முழுவதும் தண்ணீரில் கலந்தால், கூட்டரசு வரம்பின்படியே சுமார் 32 கோடி லிட்டர் நீரை வரம்புக்குக் கொண்டுவந்து நிறுத்தும். இருபத்து மூன்று ஆண்டுகள் நடந்த கடையில் ஒரு லிட்டர் என்பது கை தவறிச் சிந்துகிற அளவு. அதுவும் எண்பதுகளின் பழைய கடைகள் பலவற்றில் துணியை ஒரு இயந்திரத்தில் வெளுத்து, கரைப்பான் சொட்டச் சொட்டக் கையால் அள்ளி, இன்னொரு இயந்திரத்தில் போட்டு உலர்த்துவார்கள். ஒரே இயந்திரத்துக்குள் எல்லாம் நடந்து, ஆவியைக் குளிர்வித்துத் திரும்பப் பிடிக்கும் ஏற்பாடு பரவலானது 1993இல் கூட்டரசு இந்தத் தொழிலுக்கு விதிகள் கொண்டுவந்த பிறகுதான். நீங்கள் பார்க்கிற கடையின் முதல் ஒன்பது ஆண்டுகள் அதற்கு முந்தியவை.

ஒரு வாய்ப்பு மட்டும் இருக்கிறது, அதை முதலில் விசாரியுங்கள். சில கடைகள் துணியை வாங்கி வைத்து வேறிடத்தில் வெளுத்துக் கொண்டுவந்து கொடுப்பவை. அங்கே இயந்திரமே இருந்திருக்காது. ஃபேஸ் ஒன் செய்தவர் நகர டைரக்டரிகளையும் வான்வழிப் படங்களையும் அபாயக் கழிவுப் பதிவேட்டையும் பார்த்திருப்பார். அந்த முகவரியில் அபாயக் கழிவு எடுத்துச் சென்றதற்குப் பதிவு இருந்தால் இயந்திரம் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கான்கிரீட். பெர்க் கடைக்குள் சிந்தி மட்டும் மண்ணுக்குப் போவதில்லை, வேறு வழிகளும் உண்டு. உங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரக் கார் பயணத்தில் ஜாக்சன்வில் இருக்கிறது. அங்கே கேம்ப் லெஜூன் என்ற அமெரிக்க மரைன் படை முகாமுக்கு வெளியே ஏபிசி ஒன் ஹவர் கிளீனர்ஸ் என்ற கடை 1950களில் தொடங்கியது. பெர்க் கலந்த கழிவுநீர் கடையின் செப்டிக் தொட்டிக்குப் போயிற்று. பயன்படுத்திய கரைப்பானைக் காய்ச்சி வடித்த பிறகு அடியில் மிஞ்சும் கசடைக் கொண்டு பக்கத்துப் பாதையின் குழிகளை நிரப்பினார்கள். அந்தக் காலத்தில் அதை யாரும் பெரிய குற்றமாகப் பார்க்கவில்லை. சில நூறு அடி தள்ளி, வீரர்களின் குடும்பங்கள் குடியிருந்த டாராவா டெரஸ் குடியிருப்புக்குத் தண்ணீர் கொடுத்த கிணறு இருந்தது. 1985இல் கிணறுகளை மூடும் நேரத்தில் அந்தக் குடியிருப்பின் குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 215 மைக்ரோகிராம்வரை பெர்க் இருந்தது. கூட்டரசின் முகமை ஒன்று பிற்பாடு கணினி மாதிரிகள் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டபோது, 1957 முடிவிலிருந்தே அந்தத் தண்ணீர் இன்றைய 5 மைக்ரோகிராம் வரம்பைத் தாண்டியிருந்தது தெரியவந்தது. முப்பது ஆண்டுகளுக்கு நெருக்கமாகக் கருவுற்ற பெண்களும் கைக்குழந்தைகளும் அதைக் குடித்திருக்கிறார்கள். முகாமுக்குள் வேறு இடங்களில் முகாமே உண்டாக்கிய மாசும் இருந்தது, அது தனிக்கதை. டாராவா டெரஸின் தண்ணீரைக் கெடுத்தது ஒரு சாதாரணக் கடைதான். 1989இல் அந்த இடம், சூப்பர்ஃபண்ட் எனப்படும் கூட்டரசுச் சுத்திகரிப்புச் சட்டத்தின் மாசு இடப் பட்டியலில் ஏறியது. பாதிக்கப்பட்டவர்கள் வழக்குத் தொடுக்க வகைசெய்யும் சட்டம் வர 2022 ஆயிற்று. இந்த வரலாறு உங்கள் மாநிலத்திலேயே நடந்தது. விற்பவரிடம் இதை நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.

செப்டிக் தொட்டி இல்லாமல் நகரச் சாக்கடையோடு இணைத்திருந்தால் தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம். கரைப்பானைக் குளிர்வித்துப் பிடிக்கும்போது கூடவே கொஞ்சம் தண்ணீர் பிரியும். அதில் கண்ணுக்குத் தெரியாமல் லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவுக்குப் பெர்க் கரைந்திருக்கும். குடிநீர் வரம்பைப்போல் முப்பதாயிரம் மடங்கு. அதைச் சாக்கடையில் ஊற்றிவிடுவது அன்றைக்கு வழக்கம், பல ஊர்களில் அதற்குத் தடையும் இல்லை. 1992இல் கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு நீர்த்தர வாரியத்தின் ஆய்வாளர்கள் இதைத் துருவிப் பார்த்தார்கள். மோடெஸ்டோ, லோடை, டர்லக் போன்ற ஊர்களின் கிணறுகளில் பெர்க் வந்ததற்கு, கடைகளிலிருந்து போன சாக்கடைக் குழாய்கள் கசிந்ததே முக்கியக் காரணம் என்று கண்டார்கள். குழாயின் மூட்டு வழியாக, விரிசல் வழியாக, குழாய் தொய்ந்த இடத்தில் தேங்கி, ஆவியாக என்று பல விதங்களில் அது வெளியேறியிருந்தது. கடைக்காரர் சட்டத்தை மீறாமல் நேர்மையாகத் தொழில் செய்திருக்கலாம். அப்போதும் மண் கெட்டிருக்கும். பழைய கடைக்காரர் நல்ல மனிதர் என்று யாராவது உங்களுக்கு உறுதி சொன்னால் அதை ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது, நகரத் தண்ணீர். உங்கள் விஷயத்தில் நான் அதிகம் அஞ்சுவது இங்கேதான், ஏனென்றால் நீங்கள் பிள்ளைகளை உள்ளே கொண்டுபோகப் போகிறீர்கள். நீரில் கரைந்ததும் மண் துகள்களில் ஒட்டியதும் ஆவியாகி மேலே ஏறும். கட்டடத்தின் அடியில் அந்த ஆவி சேர்ந்து, கான்கிரீட்டின் விரிசல், சுவரும் தளமும் சேருமிடம், குழாய்கள் நுழையும் துளை ஆகியவற்றின் வழியே உள்ளே வரும். குளிர்காலத்தில் உள்ளே சூடேற்றும்போது சூடான காற்று மேலெழுந்து வெளியேற, கட்டடம் அடியிலிருக்கும் காற்றை இழுக்கும். இதை ஆவி ஊடுருவல் என்கிறோம். தளத்துக்கு அடியில் இருக்கும் செறிவில் 3 விழுக்காடுவரை உள்ளே வரக்கூடும் என்று எடுத்துக்கொண்டுதான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை முதற்கட்டக் கணக்கைப் போடுகிறது. வாசனை வரவில்லையே என்று சமாதானம் கொள்ள முடியாது. மூக்குக்குத் தெரிகிற அளவு, நாம் கவலைப்பட வேண்டிய அளவைவிடப் பல மடங்கு அதிகம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை பெர்க்கை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்ற வகையில் வைத்திருக்கிறது. நரம்பு மண்டலத்தையும் அது பாதிக்கும். நாட்டிய வகுப்பில் பிள்ளைகள் மூச்சிரைக்க ஆடுவார்கள், தரையில் உட்காருவார்கள், அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரைவிட அதிகக் காற்றை இழுப்பார்கள்.

ஆகவே துளையிட்டுப் பார்க்கும் அடுத்த கட்டமான ஃபேஸ் டூ ஆய்வை எப்படிச் செய்யச் சொல்ல வேண்டும் என்று சொல்கிறேன். சிக்கனம் பார்த்து வாகன நிறுத்தத்தில் இரண்டு துளை போட்டு "ஒன்றுமில்லை" என்று எழுதிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு தாளுக்குப் பணம் கொடுப்பதைவிடச் சும்மா இருக்கலாம். இயந்திரம் இருந்த இடத்திலும், கொதிகலன் அறையிலும், பின்வாசல் கதவுக்கு வெளியேயும் துளையிட வேண்டும். பின்வாசல் முக்கியம். கசடு வாளிகளும் வடிகட்டிகளும் அங்கேதான் வைக்கப்படும், சொட்டும். தரை வடிகால் எங்கே போகிறது என்று குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்து, அந்தக் குழாய் நெடுக மண்ணைச் சோதிக்க வேண்டும். தளத்தில் சிறு துளைகள் போட்டு, அடியிலுள்ள காற்றை எஃகுக் குடுவையில் பிடிக்க வேண்டும். ஓரக் கடையில் மட்டும் பிடித்தால் போதாது, பக்கத்துக் கடைகளின் அடியிலும் பிடிக்க வேண்டும். பிறகு நிலத்தடி நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைக் கண்டுபிடிக்க குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள் தேவை. மூன்று கிணறுகளின் நீர்மட்டம் தெரிந்தால்தான் சரிவு தெரியும்.

உள்ளறைக் காற்றையும் எடுப்பார்கள். அதற்கு முன் ஒரு சின்ன எச்சரிக்கை. டிரை கிளீனிங் செய்து வாங்கிய பட்டுப்புடவையோ நாட்டிய உடையோ அந்த அறையில் இருந்தால் அதிலிருந்தே பெர்க் வெளிவந்து சோதனையைக் குழப்பிவிடும். சில நாட்களுக்கு முன்னமே எல்லாவற்றையும் அகற்றிவிடுங்கள். குளிர்காலத்தில் ஒரு முறையும் வேறு பருவத்தில் ஒரு முறையும் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் எடுத்த காற்று அந்த ஒரு நாளைத்தான் சொல்லும்.

மாசு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எப்படிச் சுத்தம் செய்வது?

எண்பதுகளில் எல்லோரும் கையாண்ட முறை, நிலத்தடி நீரை இறைத்து, கரி வடிகட்டியில் விட்டு, சுத்தமாக்கி வெளியேற்றுவது. அது மாசு பரவாமல் அணைகட்டும், ஆனால் வேரை எடுக்காது. 1994இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு இப்படி இறைத்துக்கொண்டிருந்த 77 இடங்களை ஆராய்ந்தபோது, மிகப் பெரும்பாலான இடங்கள் இலக்கை எட்டவில்லை என்று கண்டது. காரணம் களிமண். கரைப்பான் பல ஆண்டுகள் பக்கத்தில் கிடந்தால் களிமண்ணுக்குள் ஊறிவிடுகிறது. மணலில் இருக்கும் நீரை நீங்கள் சுத்தமாக்கியதும், களிமண் தான் உறிஞ்சியதைத் திரும்ப விடத் தொடங்குகிறது. எண்ணெய் ஊறிய மண்சட்டியை எத்தனை முறை தேய்த்துக் கழுவினாலும் அடுப்பில் வைத்ததும் எண்ணெய் கசிகிறதே, அதே கதைதான். மோட்டாரை நிறுத்தினால் சில மாதங்களில் எண்கள் மீண்டும் ஏறும்.

அதனால் இன்று பெரும்பாலும் ஊற்றுக்கண்ணைத் தேடி அடிக்கிறார்கள். மாசு மேலோட்டமாக, ஒரு சிறு இடத்தில் இருந்தால் தளத்தை உடைத்துத் தோண்டி எடுத்துவிடுவதுதான் நல்லது. செலவு அதிகம் என்று பயப்படுவார்கள், ஆனால் தோண்டியெடுத்த மண் திரும்பி வந்து தொல்லை கொடுக்காது. காலிக் கடையாக இருக்கும்போதே இதைச் செய்ய முடிவது உங்களுக்கு ஒரு வசதி. நீர்மட்டத்துக்கு மேலே, காற்று நுழையக்கூடிய மண்ணாக இருந்தால் துளைகள் வழியே வெற்றிடம் போட்டு ஆவியை உறிஞ்சிக் கரியில் பிடிப்பார்கள். பல டிரை கிளீனிங் இடங்களில் இது நன்றாக வேலை செய்திருக்கிறது. உங்கள் பகுதியின் சிவப்புக் களிமண்ணில் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதை முதலில் ஒரு சிறு சோதனை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நீருக்கு அடியில் போனதற்கு மூன்று வழிகளைப் பற்றிப் பேசுவார்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட் போன்ற ஆக்சிஜனேற்றியை உள்ளே செலுத்தி வேதிவினையால் உடைப்பது ஒன்று. அது தொட்டதைச் சிதைத்துவிடும், ஆனால் களிமண்ணுக்குள் ஊறியதைத் தொடாது. மின்முனைகளை இறக்கி நிலத்தையே சூடாக்குவது இன்னொன்று. தண்ணீரோடு சேர்ந்திருக்கும் பெர்க் 90 டிகிரி செல்சியஸுக்கு உள்ளேயே கொதித்துவிடும், அதை மேலே உறிஞ்சிக்கொள்வார்கள். களிமண்ணையும் இது விடாது. மிகவும் விலை கூடியது, ஊற்றுக்கண் பெரிதாக இருந்தால் மட்டும்தான் நியாயம்.

மூன்றாவது, நுண்ணுயிர்கள். எனக்கு இதில் உண்மையான வியப்பு உண்டு. பெர்க் மூலக்கூறில் நான்கு குளோரின் அணுக்கள் இருக்கின்றன. காற்றில்லாத நிலத்தடியில் சில பாக்டீரியாக்கள், நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல் அந்தக் குளோரினை ஒவ்வொன்றாகப் பிய்த்துச் சுவாசிக்கின்றன. முழுவதும் பிய்த்து, தீங்கற்ற எத்திலீன்வரை கொண்டுபோகத் தெரிந்தது டிஹாலோகாக்காய்டிஸ் என்ற இனம். கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைத் தனித்துப் பிரித்து 1997இல் உலகுக்கு அறிவித்தார்கள். இன்று சோயா எண்ணெய்க் குழம்பை நிலத்துக்குள் செலுத்துகிறார்கள். மற்ற பாக்டீரியாக்கள் எண்ணெயைத் தின்று ஆக்சிஜனைத் தீர்த்து ஹைட்ரஜனை வெளிவிடும், இந்த இனத்துக்கு அந்த ஹைட்ரஜன்தான் இரை. அங்கே அது இயல்பாகவே இல்லாவிட்டால் வெளியே வளர்த்ததைக் கொண்டுவந்து விடுவார்கள்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் குளோரின் போனால் டிரைகுளோரோஎத்திலீன், அடுத்தது டைகுளோரோஎத்திலீன், அதற்கடுத்தது வினைல் குளோரைடு, கடைசியில்தான் எத்திலீன். வினைல் குளோரைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று ஐயமின்றி நிறுவப்பட்ட பொருள். அதன் கூட்டரசு வரம்பு 2 மைக்ரோகிராம்தான். வேலை பாதியில் நின்றால், பெர்க் குறைந்துவிட்டது என்று மகிழும் அறிக்கையில் அதைவிட மோசமானது ஏறியிருக்கும். ஆகவே உங்கள் கையில் வரும் ஒவ்வொரு அறிக்கையிலும் பெர்க்கின் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். நான்கு பொருள்களின் எண்களையும், எத்திலீன் வந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் பகுதியில் நிலத்தடி நீர் சற்று அமிலத்தன்மை கொண்டிருப்பது வழக்கம். அமிலம் கூடினால் இந்த இனம் சோர்ந்து, வேலை பாதியில் நின்றுவிடும். எண்ணெயோடு சோடா உப்புப் போன்ற காரம் சேர்க்கும் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். பெர்மாங்கனேட்டையும் நுண்ணுயிர்களையும் ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் போடலாம் என்று யாராவது சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். ஒன்று ஆக்சிஜனேற்றும், மற்றதற்கு ஆக்சிஜனே ஆகாது.

காலம் எவ்வளவு என்றால், ஆவி தடுப்பு ஏற்பாடு சில வாரங்கள். ஊற்றுக்கண்ணை அகற்றுவது மாதங்களிலிருந்து சில ஆண்டுகள். நிலத்தடி நீர் வரம்புக்குள் வருவது பல ஆண்டுகள், சில இடங்களில் நம் வாழ்நாளுக்குள் வராது. பாறை வெடிப்புக்குள் போயிருந்தால் அப்படித்தான். ஆனால் நீங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மாசு சுருங்கிக்கொண்டிருக்கிறது, யாரும் குடிக்கவில்லை, யாரும் சுவாசிக்கவில்லை என்று காட்ட முடிந்தால், அந்த நிலத்தில் கிணறு தோண்டக் கூடாது, தளத்தை உடைக்கக் கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகளை நிலப் பத்திரப் பதிவில் ஏற்றி மாநிலம் கோப்பை மூடும். அந்தக் கட்டுப்பாடுகள் நடைமுறையில் இருக்கின்றன என்று உரிமையாளர் ஆண்டுதோறும் எழுதிக்கொடுக்க வேண்டும். இதைச் சிலர் அரைகுறை வேலை என்று குறை சொல்கிறார்கள். கட்டுப்பாட்டைக் கண்காணிக்க ஆள் இருக்கும்வரை நான் அதை ஏற்கிறேன்.

இனிப் பணம். இதை ஒரு சுற்றுச்சூழல் வழக்கறிஞரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், நான் அடிப்படையை மட்டும் சொல்கிறேன். 1980ஆம் ஆண்டின் சூப்பர்ஃபண்ட் சட்டப்படி, மாசு யார் காலத்தில் நடந்தது என்று பார்க்காமல் இன்றைய உரிமையாளரையும் செலவுக்குப் பிடிக்கலாம். 2002இல் வந்த திருத்தம், வாங்குவதற்கு முன் முறைப்படி விசாரித்துவிட்டு வாங்குபவருக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. உங்கள் ஃபேஸ் ஒன் அறிக்கைதான் அந்தப் பாதுகாப்பின் முதல் படி. அதன் முக்கியப் பகுதிகள் பத்திரம் முடியும் நாளுக்கு முந்திய 180 நாட்களுக்குள் செய்தவையாக இருக்க வேண்டும். பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனால் தேதியைக் கவனியுங்கள். வாங்கிய பிறகும், தெரிந்த மாசு மேலும் பரவாமல், மக்களைத் தொடாமல் இருக்க நியாயமான நடவடிக்கை எடுத்தால்தான் அந்தப் பாதுகாப்பு நிற்கும்.

சுத்தம் செய்யும் செலவு பல லட்சம் டாலருக்குப் போகலாம். தனியாள் தாங்க மாட்டார் என்பதை உணர்ந்துதான் 1994இல் புளோரிடா டிரை கிளீனிங் இடங்களுக்கென்றே ஒரு நிதியைத் தொடங்கியது. வட கரோலினா 1997இல் டிரை கிளீனிங் கரைப்பான் சுத்திகரிப்புச் சட்டத்தை இயற்றியது. கரைப்பான் விற்பனைமீதும் டிரை கிளீனிங் சேவைமீதும் வரும் வரியிலிருந்து அந்த நிதி சேர்கிறது. நிலத்தின் உரிமையாளரும் விண்ணப்பிக்கலாம், கடை மூடியிருந்தாலும் பரவாயில்லை. ஏற்றுக்கொண்டால் மாநிலம் தன் ஒப்பந்தக்காரர்களை வைத்து ஆராய்ந்து சுத்தம் செய்யும். விண்ணப்பித்தவர் கட்டுவது செலவில் மிகச் சிறிய பங்கு. ஆபத்து அதிகமான இடங்களுக்கு முன்னுரிமை என்பதால் வரிசையில் நிற்க வேண்டி வரலாம். புளோரிடாவில் புதிய விண்ணப்பங்களுக்கான கதவு 1998 முடிவோடு சாத்தப்பட்டுவிட்டது. நிதித் திட்டங்கள் என்றென்றைக்கும் திறந்திருப்பதில்லை.

ஆகவே என் யோசனை இது. ஃபேஸ் டூ செலவை விற்பவரே ஏற்கட்டும், அல்லது பாதி ஏற்கட்டும். மாசு உறுதியானால், விற்பனைக்கு முன்பே அவர் பெயரில் மாநிலத் திட்டத்தில் சேர விண்ணப்பிக்கட்டும். அனுமதி கைக்கு வந்த பிறகு பத்திரம் முடியுங்கள். விலையைக் குறையுங்கள், ஒரு தொகையை மூன்றாமவர் கணக்கில் நிறுத்தி வையுங்கள். துளையிடவே கூடாது என்று விற்பவர் தடுத்தால், எழுந்து வந்துவிடுங்கள். வேறு வளாகங்கள் கிடைக்கும்.

நாட்டிய வகுப்பை மட்டும் இந்தக் கணக்குகளோடு சேர்க்காதீர்கள். தளத்துக்கு அடியில் ஆவி இருந்தாலும் கட்டடத்தைப் பயன்படுத்த வழி உண்டு. ரேடான் வாயுவுக்குச் செய்வதுபோல் தளத்தில் குழாய் இறக்கி, மின்விசிறி வைத்து, அடியிலுள்ள காற்றைக் கூரைக்கு மேலே வெளியேற்றுவார்கள். விரிசல்களை அடைப்பார்கள். செலவு மற்றதை நோக்கக் குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். குழாயில் ஒரு அழுத்தமானி இருக்கும், விசிறி நின்றுவிட்டால் அது காட்டிக்கொடுக்கும். அதைத் தினம் பார்க்க ஒருவரை நியமியுங்கள். இதையெல்லாம் செய்து, உள்ளறைக் காற்றை இரண்டு பருவத்திலும் சோதித்து, எண்கள் குடியிருப்புக்கு வகுத்த வரம்புக்குள் வந்த பிறகு வகுப்பைத் தொடங்கலாம். வணிக இடத்துக்கான வரம்பு போதும் என்று ஆலோசகர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த வரம்பு வேலைக்கு வரும் பெரியவர்களை மனதில் வைத்து வகுத்தது. அதுவரை வகுப்பு இப்போது இருக்கும் இடத்திலேயே நடக்கட்டும்.

இன்னும் ஒன்று, இதை நீங்கள் கேட்கவில்லை. மற்ற நான்கு கடைகளிலும் இப்போது ஆட்கள் வேலை செய்கிறார்கள். தளத்துக்கு அடியில் ஆவி இருப்பது சோதனையில் தெரிந்தால், வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவர்களுக்கு அது தெரிய வேண்டும் என்று ஆய்வு ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். விற்பவர்கள் பல சமயம் முடிவுகளை வெளியே சொல்லக் கூடாது என்று நிபந்தனை போடுவார்கள், அதை ஏற்காதீர்கள். நீர் ஓடும் திசையில் வீடுகள் இருந்தால், அவற்றில் சொந்தக் கிணறு இருக்கிறதா என்று மாவட்டச் சுகாதாரத் துறையில் கேளுங்கள். ராலேயைச் சுற்றி நகரக் குழாய் வந்த பின்னும் பழைய கிணற்றையே குடிக்கிற வீடுகள் இருக்கின்றன. அப்படி ஒரு வீடு இருந்தால், உங்கள் வளாகத்தின் வேலையெல்லாம் பிறகு, அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.